அமாவாசைக்கு அமாவாசை அரிசி டப்பா

பவானியில் ஆற்றை ஒட்டிய தெருவில் குடியிருப்பவர்களுக்கு ஆடி மாதம் வந்தால் மேட்டூர் அணையின் நீர்மட்டம்தான் ராசிபலன். காலையில் அதைப் பார்த்துவிட்டுத்தான் அடுப்பைப் பற்றவைப்போம். 2018 ஜூலையில் அணை 120 அடியைத் தொட்டபோது ஊரே சந்தோஷப்பட்டது. ஆகஸ்டில் விநாடிக்கு ஏறத்தாழ 2 லட்சம் கன அடி தண்ணீர் காவிரியில் வந்தபோது அந்தச் சந்தோஷம் எங்கள் வீட்டுக்குள்ளும் நுழைந்து, ஆசாரத்தில், அதாவது முன்கூடத்தில், முழங்கால் அளவுக்கு நின்றது. நாலு நாள் கல்யாண மண்டபத்தில் இருந்துவிட்டுத் திரும்பினோம். சமையலறை மூலையில் இருந்த அரிசி மூட்டை ஊறிப் புளித்து, கதவைத் திறக்கும்போதே சாராய வாடை அடித்தது.

அன்றைக்கு நானும் வீட்டுக்காரரும் ஒரு முடிவுக்கு வந்தோம். இனிமேல் இரண்டு மாதத்துக்கான சாமான் வீட்டில் எப்போதும் இருக்க வேண்டும். அதுவும் தரையில் இல்லை, கூரைக்குக் கீழே இருக்கிற பரணில், எங்கள் பேச்சில் அட்டாலியில். எங்களுக்கு அப்போது தெரிந்த எதிரி தண்ணீர் ஒன்றுதான்.

அடுத்த அவசரம் தண்ணீராக வரவில்லை. 2020 மார்ச் 24 சாயங்காலம் 6 மணியில் இருந்து கொரோனாவுக்காக 144 தடை உத்தரவு என்றார்கள். ஊரோடு நானும் மளிகைக் கடை வரிசையில் நின்றேன். 25 கிலோ அரிசி மூட்டை நான்கு, துவரம்பருப்பு 10 கிலோ, தட்டைப்பயறும் கொள்ளும் ஐந்தைந்து கிலோ, கோதுமை மாவு 10 கிலோ, ரவை, மைதா. அம்மாயி (அம்மாவைப் பெற்றவர்) வீட்டில் இருந்து முன்பே வந்திருந்த நிலக்கடலை அரை மூட்டை, கவுந்தப்பாடி நாட்டுச்சர்க்கரை 10 கிலோ. ரவையைத் தவிர எல்லாவற்றையும் கடைக்காரர் கட்டிக் கொடுத்த பையோடும் மூட்டையோடும் அப்படியே அட்டாலியில் ஏற்றி, நெருக்கி அடுக்கி, மேலே ஒரு பழைய ஜமக்காளத்தையும் போர்த்திவிட்டேன். பெரிய சாமர்த்தியம் செய்துவிட்ட நினைப்பு. வீட்டில் நாங்கள் ஐந்தே பேர். அத்தை மட்டும் கீழே நின்று அண்ணாந்து பார்த்துவிட்டு, “இத்தனையும் ஆரு அம்மிணி திங்கறது?” என்று கேட்டார்.

பதில் மே மாதக் கடைசியில் தெரிந்தது. மூன்றாவது மூட்டையைப் பிரித்து உலைக்கு அரிசி அளந்தால், படியோடு ஏழெட்டுக் கறுப்பு வண்டுகள். கையை உள்ளே விட்டேன். மூட்டை சூடாக இருந்தது. உள்ளுக்குள் ஏதோ கொதிப்பது மாதிரி. அத்தனை வண்டு மூச்சு விட்டால் தானியம் சூடாகத்தானே செய்யும், அது அப்போது எனக்கு உறைக்கவில்லை. தட்டைப்பயற்றுப் பையை அசைத்தால் வெறும் தோல் சலசலத்தது. ஒவ்வொரு பயற்றிலும் ஊசியால் குத்தினாற்போல் வட்டமாக ஓட்டை. கோதுமை மாவில் சிவப்புச் சிவப்பாகப் பொடி வண்டுகள், மூக்கைத் துளைக்கும் ஒரு மருந்து நெடி.

அம்மாயியை போனில் கூப்பிட்டு ஒப்பாரி வைத்தேன். கவுந்தப்பாடிப் பக்கம் ஒரு கிராமத்தில் இருக்கிறார், அப்போதே எண்பதைத் தாண்டியவர். முழுக்கக் கேட்டுவிட்டுச் சிரித்தார். “கடைக்காரன் அரிசியோட வண்டையும் சேர்த்துத்தான் அம்மிணி குடுத்திருப்பான். நீ ரெண்டு மாசமா அதைப் பூட்டி வெச்சு வளத்திருக்கே.”

அந்த ஒரு வார்த்தையில் எல்லாம் இருந்தது. அதுவரை பூச்சி என்பது எங்கிருந்தோ வந்து ஏறும் என்று நினைத்திருந்தேன். அரிசி வண்டின் கதை வேறு. பெண் வண்டு தன் நீள மூக்கால் ஒரு மணியைத் துளைத்து, உள்ளே முட்டை வைத்து, பசை போன்ற ஒன்றால் அந்த ஓட்டையை அடைத்துவிடும். வெளியே பார்த்தால் மணி முழுசாக இருக்கும். உள்ளே புழு அரிசியைத் தின்று வளர்ந்து, வண்டாகித்தான் வெளியே வரும். ஒரு வண்டு 300 முட்டைக்கு மேலேயும் வைக்கும். நம் ஊர் வெப்பத்துக்கு முட்டை வண்டாக ஒரு மாதம் போலத்தான். மார்ச் கடைசியில் இருந்து மே கடைசி வரை என்றால் இரண்டு தலைமுறை. ஓட்டு வீட்டு அட்டாலி, சித்திரை வெயில், மேலே ஜமக்காளம் வேறு. கோழிப் பண்ணையில் குஞ்சு பொரிக்க வைப்பதுபோல் நான் வைத்திருக்கிறேன்.

இதைத் தெரிந்துகொண்ட பிறகுதான், மூடி இறுக்கிய டப்பா ஏன் என்னைக் காப்பாற்றவில்லை என்பதும் புரிந்தது. ரவையை மட்டும் நல்ல டப்பாவில்தான் போட்டிருந்தேன். பூச்சி உள்ளேயே இருக்கும்போது மூடி யாரைத் தடுக்கும்?

சரி, கெட்டதை என்ன செய்வது? இங்கே நான் இரண்டு பக்கமும் தப்புச் செய்தேன். வண்டு பிடித்த அரிசியை அருவருப்பில் ஒரு மூட்டை முழுக்கப் பக்கத்து வீட்டுக் கோழிகளுக்குக் கொடுத்துவிட்டேன். அது தேவையே இல்லை. அரிசி வண்டுக்கு விஷம் கிடையாது. சலித்து, புடைத்து, நன்றாகக் கழுவினால் சோறாக்கலாம், ருசிதான் கொஞ்சம் குறையும். மாவைத்தான் கொட்டியிருக்க வேண்டும், அதை 10 கிலோவாயிற்றே என்று சலித்து வைத்துக்கொண்டேன். அந்தச் சிவப்பு வண்டு மாவில் ஒரு திரவத்தைக் கக்கும். நெடியும் மாவு லேசாகச் சிவந்துபோவதும் அதனால்தான். சப்பாத்தி சுட்டால் பிள்ளைகள் ஒரு வாய்க்குமேல் தொடவில்லை. நெடி வந்த மாவைச் சலிப்பதில் பிரயோசனமே இல்லை.

பெரிய தப்பு நிலக்கடலையில் நடக்க இருந்தது. மூட்டையின் அடியில் பச்சைப் பூஞ்சணம். வறுத்தால் போய்விடும் என்று நினைத்தேன். இல்லையென்றால் மாமா வீட்டு மாட்டுக்காவது போடலாம். கடலைப் பூஞ்சணத்தில் அஃப்ளாடாக்சின் என்ற நஞ்சு உண்டாகும். வறுத்தாலும் வேகவைத்தாலும் அது முழுசாகப் போகாது, நாளடைவில் கல்லீரலைக் கெடுக்கும். மாட்டுக்குப் போட்டால் பால் வழியாக நம்மிடமே திரும்பி வரும். கால்நடை மருத்துவமனையில் வேலை பார்க்கும் சொந்தக்காரர் ஒருவர் சொன்னதால் தப்பித்தோம். குழி தோண்டிப் புதைத்தோம்.

அம்மாயியிடம் அடுத்த சில வாரங்கள் தினமும் பாடம் கேட்டேன். அவர் சொன்னது எல்லாம் சரி என்று சொல்ல மாட்டேன். ஆனால் முக்கால்வாசி சரி. மீதிக் காலுக்கும் காரணம் இருந்தது.

முதல் வேலையாக நான் அரிசியைப் பக்கத்து வீட்டு மொட்டை மாடி வெயிலில் கொட்டியிருந்தேன். திட்டினார். “நெல்லைத்தான் வெயில்ல போடோணும். அரிசியைப் போட்டா நொய்யாப் போயிரும். நெழல்ல பரப்பு, வண்டு தானா ஓடும்.” உண்மைதான். வெயில் பட்ட அரிசி விரிசல் விட்டு, வேகும்போது உடைந்து குழைந்தது. நிழலில் மெல்லிசாகப் பரப்பியதில் வண்டுகள் வெளிச்சத்துக்குப் பயந்து ஓரத்துக்கு ஓடின. மணிக்குள் இருக்கும் புழு எங்கேயும் ஓடாது என்பதால் ஒரு தடவையோடு வேலை முடியாது. “அப்பறம் எப்பங்க அம்மாயி மறுபடி பாக்கறது?” என்று கேட்டேன். “அமாவாசைக்கு அமாவாசை” என்றார்.

வீடு வாசல் கழுவுகிற நாள், கூடவே பானைகளையும் பார்க்கிற வழக்கம், அவ்வளவுதான் அவருக்கு. எனக்கு அதைக் கேட்டதும் உடம்பு சிலிர்த்தது. அமாவாசைக்கு அமாவாசை இருபத்தொன்பது முப்பது நாள். வண்டின் ஒரு தலைமுறையும் கிட்டத்தட்ட அதே கணக்கு. புதிதாக வெளியே வந்த வண்டு அடுத்த தலைமுறைக்கு நிறைய முட்டை வைப்பதற்குள் கண்டுபிடித்துச் சலித்துவிட்டால் கூட்டம் பெருகாது. அம்மாயிக்கு வண்டின் ஆயுள் தெரிந்திருக்க வாய்ப்பில்லை. காலண்டர் தெரியும்.

பருப்பு விஷயத்தில் அவர் சொன்னது: “முழுப் பயறை ஏன் வெச்சே? ஒடச்சுப் பருப்பாக்கி வெச்சிருந்தா வராதே.” பயறு வண்டு காட்டிலேயே, செடியில் காய் காய்ந்துவரும்போதே முட்டை வைத்துவிடும். பயற்றின் மேல் தோலில் கடுகில் பாதி அளவு வெள்ளைப் புள்ளி ஒட்டியிருந்தால் அது முட்டை. இப்போது கடையில் தட்டைப்பயறு வாங்கினால் உள்ளங்கையில் ஒரு பிடி போட்டு அந்தப் புள்ளியைத்தான் முதலில் தேடுகிறேன். இந்த வண்டுக்கு முழுப் பயறுதான் வேண்டும், உடைத்த பருப்பு பிடிக்காது. அதனால்தான் அந்தக் காலத்தில் துவரையை ஒரேயடியாக உடைத்துப் பருப்பாக்கி வைத்தார்கள். முழுசாக வைக்க வேண்டியதற்குச் செம்மண் கட்டினார்கள்: செம்மண்ணைக் குழைத்துப் பயற்றின் மேல் பூசி, வெயிலில் நன்றாகக் காயவைத்துப் பானையில் கொட்டுவது. மண் பூசிய பயற்றில் முட்டை ஒட்டாது. நுண்ணிய மண் துகள் பூச்சியின் மேல்தோலைச் சிராய்த்து உடம்பு ஈரத்தை உறிஞ்சிவிடும். கோவை வேளாண் பல்கலைக்கழகம் விதைப் பயறுக்கு 100 கிலோவுக்கு ஒரு கிலோ களிமண் பொடி கலக்கச் சொல்வதும் இதே வழிதான். டவுனில் செம்மண்ணுக்கு எங்கே போவது? ஒரு கிலோ பயறுக்கு ஒரு தேக்கரண்டி விளக்கெண்ணெய் விட்டுக் கையால் பிசிறி வைக்கிறேன். எல்லா மணியிலும் மினுமினுப்புத் தெரிய வேண்டும்; பாதிக்குப் பட்டு பாதிக்குப் படாவிட்டால் பிசிறியும் வீண்.

வேப்பிலை, வரமிளகாய், வசம்பு பற்றிக் கேட்பீர்கள். போட்டுப் பார்த்தேன். வண்டு இல்லாத டப்பாவில் புதிதாக ஏறுவதைக் கொஞ்சம் தடுக்கும். ஏற்கெனவே உள்ளே இருப்பதை ஒன்றும் செய்யாது. பச்சை வேப்பிலையைப் போட்டு அந்த ஈரத்தில் பூஞ்சணம் பிடித்ததுதான் மிச்சம், நிழலில் சருகாகக் காயவைத்த இலைதான் போட வேண்டும். வசம்பைப் பொடித்துச் சாப்பிடும் சாமானில் கலக்காதீர்கள், துணியில் முடிந்து போடுங்கள். மஞ்சள் போட்டால் எந்தப் பூச்சியும் வராது என்று சொல்பவர்களிடம் ஒன்றே ஒன்று சொல்வேன்: ஈரோட்டுக் கிட்டங்கிகளில் விரலி மஞ்சளையே துளைத்துத் தின்கிற வண்டு இருக்கிறது.

வீட்டுக்காரர் வாட்ஸ்ஆப்பில் ஒரு யோசனை பிடித்துக்கொண்டு வந்தார். டிரம்மில் அரிசிக்கு மேலே கிண்ணத்தில் கற்பூரம் ஏற்றி மூடினால் காற்று தீர்ந்து வண்டு செத்துவிடுமாம். சுடர் சீக்கிரமே அணைந்தது. வண்டுகள் அடுத்த வாரமும் நடமாடின. காற்றில் ஆக்சிஜன் 21%. அது 16% போல ஆனாலே சுடர் அணைந்துவிடும். வண்டு சாக 3 சதவீதத்துக்கும் கீழே இறங்கி, பல நாள் அப்படியே இருக்க வேண்டும். ஆனால் காற்றுப் புகாத டப்பாவைக் கழுத்து வரை நிரப்பி, இடைவெளியே இல்லாமல் இறுக்கி மூடினால் உள்ளே இருக்கிற பூச்சியே மூச்சு விட்டு விட்டுக் காற்றைத் தீர்த்துக்கொள்ளும். பாதி காலியான பெரிய டிரம்முக்கும் நிறைந்த சின்ன டப்பாவுக்கும் உள்ள வித்தியாசம் அதுதான். எங்கள் வீட்டில் 50 கிலோ டிரம் போய் 10 கிலோ எவர்சில்வர் தூக்குகள் வந்தது இதனால்.

எனக்கு நிச்சயமாகப் பலன் கொடுத்தது பிரிட்ஜ்தான். ரவை, மைதா, பயறு எதை வாங்கினாலும் ஒரு கிலோ பொட்டலமாகக் கட்டி, காற்றுப் புகாமல் முடிந்து, பிரீசரில் ஒரு வாரம். நன்றாகக் குளிரும் பிரீசராக, மைனஸ் 18 டிகிரி போல, இருந்தால் நாலு நாளே போதும். எங்களுடையது ஒற்றைக் கதவுப் பழைய பெட்டி, அதனால் ஒரு வாரம். வெளியே எடுத்ததும் பொட்டலத்தைப் பிரிக்கவே கூடாது. குளிர் முழுக்க விட்டு, பை வெளியே வியர்த்து, அந்த வியர்வையும் காய்ந்த பிறகு பிரித்து டப்பாவில் கொட்ட வேண்டும். முதல் தடவை உடனே பிரித்துவிட்டு, ரவை ஈரமாகி, வண்டு போய்ப் பூஞ்சணம் வந்தது. கரண்ட் இல்லாத நாளில் இது நடக்காது. அவசரம் வருவதற்கு முன்னால் செய்து வைக்கிற வேலை இது.

சொந்தக் காட்டுத் தானியம் வைப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. சரியாகக் காய்ந்திருக்கிறதா என்று அம்மாயி பல்லில் கடித்துப் பார்ப்பார், “கடுக்”கென்று ஒடிய வேண்டும். எனக்கு அந்தக் காது இல்லை. ஈரமில்லாத கண்ணாடி பாட்டிலில் காய்ந்த தூள் உப்பையும் தானியத்தையும் போட்டுக் குலுக்கிப் பத்து நிமிஷம் வைக்கிறேன். உப்பு கண்ணாடியில் ஒட்டினால் ஈரம் 15 சதவீதத்துக்கு மேலே, வைக்கக் கூடாது. ஒட்டாவிட்டாலும் இன்னொரு வெயில் காட்டுவது நல்லது, 12 சதவீதத்துக்குக் கீழே போனால்தான் நிம்மதி.

பூச்சி பாதிக் கதைதான். மீதி எலி.

ஊரடங்கில் கடைத்தெரு ஓட்டல்களும் மண்டிகளும் மூடிக் கிடந்தன. அங்கே தின்று கொழுத்தவை எல்லாம் வீடு வீடாக வந்தன. வெள்ளத்துக்குப் பயந்து நான் தேர்ந்தெடுத்த அட்டாலி, எலிக்கு ராஜபாட்டை. ஓட்டுச் சந்தில் இறங்கி விட்டத்தில் நடந்தால் நேராக எங்கள் சாமான். பிளாஸ்டிக் டிரம்மின் விளிம்பைக் கொறித்து ஒரு முஷ்டி அளவு ஓட்டை போட்டது. எலியின் முன்பல் சாகும் வரை வளர்ந்துகொண்டே இருக்கும், எதையாவது கொறித்தே ஆக வேண்டும். சோப்பைத் தின்றது. மெழுகுவத்தியைத் தின்றது! கரண்ட் போனால் ஏற்ற என்று இரண்டு டஜன் வாங்கி வைத்ததில் திரிதான் மிஞ்சியது. மாதக்கணக்கில் எடுக்காமல் நின்ற ஸ்கூட்டரின் வயரையும் கடித்து வைத்திருந்தது.

எலி பேஸ்ட் வாங்கி வரலாம் என்றேன். மஞ்சள் பாஸ்பரஸ் கலந்த அந்தப் பேஸ்டைத் தமிழ்நாட்டில் பின்னால் தடையே செய்துவிட்டார்கள். அதற்கு முறிவு மருந்து கிடையாது, கல்லீரலைத் தின்றுவிடும். எங்களுக்குக் கிடைத்தது அதைவிட மோசம். தெரிந்த கடை ஒன்றில், “அரிசிக்கும் ஆகும், எலிக்கும் ஆகும், ஒரே மாத்திரை” என்று சின்ன அலுமினியக் குப்பி ஒன்றைக் கொடுத்தார்கள். சாப்பாட்டுச் சாமான் இருக்கிற அறையில், பிள்ளைகள் படுக்கிற அறைக்கு அடுத்த சுவரில், அதைத் திறந்து வைப்பதாக இருந்தேன். ஈரோட்டில் அரிசிக் கிட்டங்கியில் வேலை பார்க்கும் அண்ணனிடம் எத்தனை மாத்திரை போடுவது என்று கேட்கத்தான் போன் போட்டேன்.

“அம்மிணி, குப்பியைத் திறந்துட்டயா?”

“இல்லீங்ண்ணா.”

“திறக்காதே. தண்ணி படாம வாசல்ல வை. நான் வந்து எடுத்துக்கறேன்.”

அது அலுமினியம் பாஸ்பைடு. காற்றில் இருக்கிற ஈரம் பட்டாலே பாஸ்பீன் என்ற விஷ வாயு வரும். 3 கிராம் மாத்திரை ஒன்று 1 கிராம் வாயுவை விடும். காற்றைவிடக் கனமானது, சுவர் விரிசல் வழியாக அடுத்த அறைக்குப் போகும். இதற்கும் முறிவு மருந்து இல்லை. கிட்டங்கியில் தார்ப்பாய் போட்டு மூடி, ஓரத்தில் மணல் பாம்பு (மணல் நிரப்பிய நீளப் பை) வைத்து அழுத்தி, பயிற்சி பெற்ற ஆட்கள் முகமூடியோடு போடுவார்கள். பல நாள் கழித்துத்தான் திறப்பார்கள். வீட்டுக்காரர்களுக்கு இதை விற்கவே கூடாது. வேண்டாமென்று தண்ணீரில் கரைத்துச் சாக்கடையில் ஊற்றிவிடலாமா என்று நான் யோசித்தேனே, அதுதான் இருப்பதிலேயே மோசமான யோசனையாம். அன்றைக்கு ராத்திரி பிள்ளைகள் தூங்குவதைப் பார்த்துக்கொண்டு ரொம்ப நேரம் உட்கார்ந்திருந்தேன்.

மருந்தே வேண்டாம் என்று முடிவானதும் வேலை நிறைய ஆயிற்று. ஒரு ஞாயிற்றுக்கிழமை வீட்டுக்காரர் பென்சிலைக் கையில் வைத்துக்கொண்டு வீடு முழுக்கச் சுற்றினார். பென்சில் நுழைகிற ஓட்டை எதுவானாலும் சுண்டெலி நுழையும். 6 மில்லிமீட்டர் இருந்தால் அதற்குப் போதும். ஏசி பைப், கேஸ் குழாய், குளியலறைத் தண்ணீர் போகும் வழி, கதவுக்கு அடியில் தேய்ந்த இடம் என்று பதினான்கு ஓட்டைகள். வெறும் சிமெண்டை எலி சுரண்டிவிடும். பாத்திரம் தேய்க்கிற கம்பி நாரை ஓட்டையில் திணித்து அதன்மேல் சிமெண்ட் பூசினோம். சாக்கடைக் குழாய்க்குக் கம்பிச் சல்லடை. பொடக்காலியில் (கொல்லையில்) இருந்து ஓட்டின்மேல் சாய்ந்திருந்த முருங்கைக் கிளையை வெட்டினோம், அத்தைக்கு அதில் ஒரு வாரம் வருத்தம்.

பொறியில் ஒரு சூட்சுமம் உண்டு. எலி புதுப் பொருளைக் கண்டால் சந்தேகப்படும். முதல் மூன்று நாள் பொறியைப் பூட்டாமல், சுட்ட தேங்காயையோ கருவாட்டையோ வைத்துத் தின்னவிட வேண்டும். நான்காம் நாள் பூட்டினால் சிக்கும். சுவரை ஒட்டி வைக்க வேண்டும், நடு அறையில் அது நடக்காது. பசை அட்டையை ஒரே ஒருமுறை வைத்தேன். ராத்திரி முழுக்க அது கத்தியதைக் கேட்ட பிறகு இனி வேண்டாம் என்று விட்டுவிட்டேன். புழுக்கையைச் சீமாறால் காய்ந்தபடியே கூட்டக் கூடாது, பிளீச்சிங் கரைத்துத் தெளித்து ஊறவிட்டுத் துடைத்தெடுக்க வேண்டும். எங்களைப் போல வெள்ளம் வருகிற தெருவில் எலிக்காய்ச்சல் பயம் உண்மையானது. எலி மூத்திரம் கலந்த தண்ணீர் காலில் ஒரு சின்னப் புண்ணில் பட்டால் போதும்.

எறும்புக்கு அதிகம் சொல்ல இல்லை. நாட்டுச்சர்க்கரைத் தூக்கைத் தண்ணீர்த் தட்டின் நடுவில் வைத்தேன். தண்ணீர் மேல் தூசி படிந்து எறும்புக்குப் பாலமானது. இரண்டு சொட்டுச் சோப்புத் தண்ணீர் விட்டதும் நின்றது. பத்து நாள் கழித்து அந்தத் தட்டில் கொசுப் புழு நெளிந்ததைப் பார்த்து நானே தலையில் அடித்துக்கொண்டேன். எறும்பைத் தடுக்கப் போய் டெங்குவை வளர்க்கிறோம். வாரம் ஒருமுறை தண்ணீரைக் கொட்டித் தட்டைத் தேய்த்துவிட்டு மாற்றுகிறேன்.

இப்போது எங்கள் இருப்பு சிறுசு. அரிசி 40 கிலோ, நாலு தூக்கில். மூடியில் வாங்கிய மாதத்தை மார்க்கரால் எழுதியிருக்கும். பழசை எடுத்துச் சமைத்து, புதுசைப் பின்னால் வைப்பதுதான் கணக்கு. இருப்பு என்று தனியாக ஒன்று கிடையாது, தினம் தின்பதுதான் இருப்பு. மாவு இரண்டு கிலோவுக்குமேல் வைப்பதில்லை, கோதுமையாக வைத்து அரைத்துக்கொள்கிறோம். ரவையை வறுத்து வைக்கிறேன். புளி கொட்டை எடுத்து உப்புப் போட்டு மண் மொடாவில். கொட்டையோடு வைத்தால் அதற்கென்றே ஒரு வண்டு உண்டு. தூக்குகள் சுவரில் இருந்து ஒரு சாண் தள்ளி, மரப்பலகைமேல், குளிர்ந்த வடக்கு அறையில் கண்ணுக்கு முன்னால் இருக்கின்றன. வெள்ளம் என்றால் ஒரு கையில் ஒன்றாகத் தூக்கிக்கொண்டு ஓடலாம். அரிசித் தூக்கு ஒன்றில் கோவை வேளாண் பல்கலைக்கழகம் உருவாக்கிய குழாய்ப்பொறி குத்தியிருக்கிறது. உடம்பெல்லாம் ஓட்டை போட்ட குழாய், அடியில் சின்னக் கிண்ணம். காற்றைத் தேடி நகர்கிற வண்டு ஓட்டைக்குள் விழுந்து மேலே ஏற முடியாமல் கிடக்கும். கண்ணுக்குப் படுவதற்கு முன்னாலேயே வண்டு வந்த சேதியை அது சொல்லிவிடும்.

எல்லாவற்றையும்விட நான் நம்புவது 15 கிலோ ராகியை. அந்தப் பொடி மணியை வண்டு அநேகமாகத் தொடாது; நன்றாகக் காய்ந்திருந்தால் வருஷக்கணக்கில் கிடக்கும். பஞ்சத்துக்கு என்று முன்னோர் ஒதுக்கி வைத்த தானியம் அது. நான் மைதாவை வாங்கி அட்டாலியில் அடுக்கினேன் பாருங்கள். பிள்ளைகளுக்குக் களி பிடிக்காது. பசித்தால் பிடிக்கும் என்கிறார் அம்மாயி.

அவசரப் பையில் மருந்து, டார்ச், ரேஷன் கார்டு நகல் இவற்றோடு ஒரு சின்ன முறமும் சல்லடையும் இருக்கும். வீட்டுக்காரர் அதைச் சொல்லி ஊரெல்லாம் கேலி செய்வார்.

2022 ஆகஸ்டில், ஆடிப்பெருக்கை ஒட்டி, ஆறு மறுபடியும் தெருவுக்குள் வந்தது. ஆடி அமாவாசைக்குத்தான் தூக்குகளைத் திறந்து பார்த்து மூடியிருந்தேன். அரை மணி நேரத்தில் எல்லாம் பக்கத்து மாடிக்கு ஏறின, இரண்டு தூக்கு எங்களோடு மண்டபத்துக்கு வந்தன. மூன்றாம் நாள் காலையில், பக்கத்துப் பாயில் இருந்த அக்கா தான் கொண்டுவந்த அரிசிப் பையைப் பிரித்தார். கையை உள்ளே விட்டவர் அப்படியே நிறுத்தி, என்னைத் திரும்பிப் பார்த்தார். “சூடா இருக்குதுங்களாக்கா?” என்று கேட்டுக்கொண்டே நான் முறத்தை எடுத்தேன்.